பஞ்சு மேட்டில் இறங்கிய கொடி

2024 ஜனவரி 4, வியாழக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் வழக்கம்போல் ஐந்து மணிக்கு முன்பே எழுந்துவிட்டேன். மார்கழியானதால் கோயில் ஒலிபெருக்கி எனக்கும் முன்னால் எழுந்திருந்தது. சவரம் செய்து, காபி குடித்து, டைரியில் அன்றைய முதல் வரியை எழுதினேன்: "பனி. காற்று இல்லை." டவுன் பஸ்ஸில் இராஜபாளையம் போய், குப்பை அள்ளும் பேட்டரி வண்டிகள் கிளம்பியதைப் பார்த்தேன். ஒரு வண்டிக்கு இரவு சார்ஜ் ஏறவில்லை. பக்கத்து வார்டு வண்டியைக் கூடுதலாக ஒரு நடை போகச் சொன்னேன். ஒரு தெருவில் சோற்றுக் குப்பையோடு உடைந்த கண்ணாடியைக் கலந்து போட்டிருந்தார்கள். அந்த வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு, எங்கள் ஆளின் விரலில் சுற்றியிருந்த கட்டைக் காட்டினேன். அவர் உள்ளே போய்ப் பழைய வாளி ஒன்றைத் தனியாக எடுத்துவந்து வைத்தார். அதன்பின் உரக்கிடங்குக்குக் கிளம்பினேன்.

சுகாதார ஆய்வாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். நகராட்சியில் இதே வேலை பார்த்து, முழங்கால் ஒத்துழைக்காததால், வயது முடியும் முன்பே விருப்ப ஓய்வில் வந்தவன் நான். குப்பையைப் பிரிப்பது, எடை போடுவது, உரமாக்குவது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டிய நேரத்தில் கையில் காரணம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதைப் பயிற்சியில் சொல்ல மாட்டார்கள். அதனால் அந்த வியாழக்கிழமையைச் சொல்கிறேன்.

எங்கள் கிடங்கில் பழைய குப்பை மேடுகள் நான்கு இருந்தன. தென்கோடியில் இருந்ததற்குப் பஞ்சு மேடு என்று பெயர். ஊரில் பேண்டேஜ் துணி நெய்யும் சிறு பட்டறைகள் ஒரு காலத்தில் கழிவுப் பஞ்சையும் வெட்டுத் துணியையும் அங்கேதான் கொட்டின. அதன்மேல் வீட்டுக் குப்பை விழுந்து, மழை பெய்து, புல் முளைத்து, தூரத்திலிருந்து பார்த்தால் சிறு குன்று போல இருந்தது. எங்காவது தோண்டினால் வெள்ளைத் துணி நாடா நாடாவாக வரும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் பாதியிலேயே கையை விட்டுவிடுவார்கள்.

மகளிர் குழு ஒன்று அந்த மேடுகளில் பிளாஸ்டிக், இரும்பு, துணி எனப் பிரித்தெடுத்து விற்று வந்தது. அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருத்தியும் தன் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்துக் கம்பில் கட்டித் தன் பங்கில் நட்டுவைப்பாள். அதற்குக் கொடி என்று பெயர். அடுத்தவள் கொடியைத் தாண்டி எவளும் கால் வைக்க மாட்டாள். ஒருத்தி இறந்துபோனால் பதினாறாம் நாள் வரை அவள் கொடி அப்படியே நிற்கும். அதுவரை அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. பதினாறு அன்று அவள் வயிற்றில் பிறந்தவர் ஏறிப்போய்க் கொடியைப் பிடுங்கி, தன் கொடியை நட வேண்டும். அப்போதுதான் பங்கு கைமாறும். எந்த அரசாணையிலும் இது கிடையாது. ஆனால் அந்த வழக்கத்தால் கிடங்கில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

பஞ்சு மேட்டில் பங்கு வைத்திருந்தவள் பேச்சியம்மாள். டிசம்பரில் காய்ச்சலில் இறந்துபோனாள். மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே அவளுடைய ஊதாநிறக் கொடி நின்றது.

அந்தக் கொடி இறங்கத் தொடங்கியது.

முதலில் பார்த்தவள் குழுத் தலைவி குருவம்மாள். புத்தாண்டு அன்று காலை என்னை எடைமேடைப் பக்கம் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னாள். அவள் எதற்கும் குரலைத் தாழ்த்துகிறவள் அல்ல, அன்று தாழ்த்தினாள். பேச்சி கீழே வருகிறாள் என்றாள். நான் சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. மாத அறிக்கைக்காக மேடுகளை ஒரே இடத்தில் நின்று படம் எடுப்பது என் பழக்கம். போன வாரப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொடி ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே வந்திருந்தது. சாயாமல், வளையாமல், நட்டபடியே நின்றது.

பங்கின்மேல் கண் வைத்த எவரோ பயமுறுத்துவதற்காகப் பிடுங்கிப் பிடுங்கி நடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆளைப் பிடித்துவிட்டால் கதை முடியும். செவ்வாய்க்கிழமை மாலை குருவம்மாளிடம் அனுமதி கேட்டு நானே மேலே ஏறினேன். தெருவோரம் தூவுகிற சுண்ணாம்புத் தூளைக் கொடியைச் சுற்றி ஒரு வட்டமாகப் போட்டேன். ஏறிவருகிற தடத்திலும் தூவிவிட்டு இறங்கினேன். யார் வந்தாலும் கால் பதிந்தே தீரும். என் பூட்ஸின் அடி கதகதப்பாக இருந்தது. குப்பை மேடு எதுவுமே கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதன் காலை பனியில் நனைந்து சுண்ணாம்பு அப்பளம் போலப் படிந்திருந்தது. அடியில் நின்று பார்த்தேன். ஒரு கால் தடம் இல்லை. நாயின் தடம்கூட இல்லை. கொடியோ முன்னிலும் கீழே நின்றது.

படங்களையும் தடத்தையும் நம்பி வேலை பார்க்கிறவன் நான். அன்று டைரியில் தடம் இல்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வரி எழுத ஒன்றும் இல்லாமல் மூடி வைத்தேன்.

பெண்கள் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பேச்சியம்மாளுக்கு ஒரே மகள், மாரீஸ்வரி. ஆலங்குளம் பக்கம் கட்டிக்கொடுத்து, புருஷன் விட்டுப்போன பின் கைக்குழந்தையோடு தாயிடம் வந்திருந்தவள். மகளைத் தேடித்தான் கொடி இறங்குகிறது என்றார்கள். பதினாறாம் நாள் வியாழக்கிழமை. அன்று மகள் ஏறி எடுத்துவிட்டால் பேச்சி அடங்கிவிடுவாள், அதுவரை நாங்கள் எந்த மேட்டிலும் வேலை செய்ய மாட்டோம் என்றார்கள்.

அலுவலகத்துக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பழைய குப்பையைத் தோண்டிச் சலிக்கும் வேலையைப் பஞ்சு மேட்டிலிருந்து தொடங்குவதற்கு ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் தங்கராஜ் பொக்லைன் இயந்திரத்தோடு வந்து காத்திருந்தார். வியாழன் மதியத்துக்குள் கொடியை எடுக்காவிட்டால் பங்கு, வழக்கம் எதையும் பார்க்காமல் மேட்டின் அடியிலிருந்து வெட்டத் தொடங்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். மேலதிகாரியும் தொலைபேசியில் அதைத்தான் சொன்னார்: சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்கள், வேலை நிற்கிறது. ஆக, மாரீஸ்வரி மேலே ஏற வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். நானும்தான். அதைக் கவனியுங்கள். யாரும் யாரையும் எதிர்க்காத நேரத்தில்தான் கிடங்கு மிகவும் ஆபத்தான இடமாக இருக்கும்.

வியாழன் அன்று நான் போனபோது பெண்கள் எல்லோரும் மேட்டுக்கு எதிரே நின்றார்கள். ஒரு வாழை இலையில் வெற்றிலை பாக்கும் கொஞ்சம் கருவாட்டுக் குழம்புச் சோறும் வைத்திருந்தார்கள். பேச்சிக்குப் பிடித்தது என்று ஒருத்தி எனக்குச் சொன்னாள். பனி முழுதாக விலகவில்லை. கொடி மேட்டின் பாதிக்கு வந்திருந்தது. துணி அசையவே இல்லை.

நாய்களை அப்போதுதான் கவனித்தேன். மார்கழிக் குளிரில் கிடங்கு நாய்கள் மேடுகளின் மேல்தான் சுருண்டு கிடக்கும், அங்கேதான் சூடு. மற்ற மூன்று மேடுகளிலும் கிடந்தன. பஞ்சு மேட்டில் ஒன்றும் இல்லை. அதன் அடியில் நான்கைந்து நாய்கள் வரிசையாக உட்கார்ந்து, குரைக்காமல், மேலேயே பார்த்துக்கொண்டிருந்தன. சோற்றின் வாசனைக்குக்கூட அவை திரும்பவில்லை.

மாரீஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டுத் தாயின் சேலையில் கிழித்த புதுக் கொடியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். குழந்தை குருவம்மாளின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. பொக்லைன் ஓட்டுநர் இயந்திரத்தைச் சூடாக்குவதற்காக ஓடவிட்டிருந்தார்.

அவள் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருப்பாள். நான் கொடியைப் பார்த்தேன். கொடியைச் சுற்றி வெள்ளை வட்டம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை நான் போட்ட வட்டம். எங்கும் உடையாமல், கலையாமல், நான் போட்டபடியே கொடியைச் சுற்றி இருந்தது. இரண்டு நாளாக அதைப் பார்க்கிறேன். தடம் இருக்கிறதா என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். யாராவது கொடியைப் பிடுங்கி நட்டிருந்தால் வட்டம் மேலே தனியாக அல்லவா கிடக்க வேண்டும்? அது கொடியோடு சேர்ந்து இறங்கியிருந்தது. கொடி நடக்கவில்லை. மேடுதான் நடந்துகொண்டிருந்தது.

இதை எழுதும்போது ஒவ்வொன்றும் வரிசையாக வருகிறது. அப்போது அப்படி வரவில்லை. அவள் அங்கே நிற்கக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது. உள்ளே என்ன இருக்கிறது, ஏன் நகர்கிறது, எனக்கு எதுவும் தெரியாது. காரணம் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கேட்பதற்கு ஆட்கள் நிறைய இருந்தார்கள்.

முதலில் ஓட்டுநரிடம் போய் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். தங்கராஜ் ஏன் என்றார். நானே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். இரைச்சல் நின்றதும் கிடங்கு முழுக்க ஓர் அமைதி விழுந்தது. அந்த அமைதியில் மேட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. யாரோ வாயை மூடிக்கொண்டு மூச்சு விடுவது போல, விட்டு விட்டு. பெண்களும் கேட்டார்கள். ஒருத்தி தன் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

ஓடு என்று கத்தியிருந்தால் அவள் ஓடியிருப்பாள். ஓடுகிற கால் அழுத்தி ஊன்றும். அதனால் மேட்டின் அடிவரை நடந்துபோய், சாதாரணமாகப் பேசுகிற குரலில் அவளை நின்ற இடத்திலேயே உட்காரச் சொன்னேன்.

அவள் திரும்பினாள். "என்ன சார், பாதி தூரம் வந்தாச்சு. இப்பம் போயி மறிக்கிய?"

காரணம் கேட்கிறாள். மேடு சரியில்லை என்றேன். அவள் முகம் மாறியது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு? மதியம் அந்த வண்டிய விட்டு வெட்டப் போறாகன்னு எனக்குத் தெரியும். நான் இறங்கிட்டா பொறவு எங்கம்மா பங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம்புள்ளைக்கு நீங்களா சோறு போடுவிய?"

அவள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆபத்து என்பது அவளுக்கு அந்த மேடு அல்ல, அதை இழப்பதுதான். அந்த நேரத்தில் அவளிடம் சுண்ணாம்பு வட்டத்தைப் பற்றிப் பேசினால் ஏறிக்கொண்டே கேட்பாள். நான் நம்பாத ஒன்றைச் சொன்னேன்.

"ஏம்மா, உங்க அம்மா நாலு நாளா உன்னப் பாத்துத்தான இறங்கி வாரா? வாரவள நீ ஏன் பாதியில மறிக்கிற? உக்காரு. அவளே கீழ வருவா. வாரவரைக்கும் இந்த மேட்டுல ஒரு மம்பட்டி விழாது. நான் பொறுப்பு."

பின்னாலிருந்து குருவம்மாள், "உக்காருட்டி" என்றாள். மாரீஸ்வரி உட்கார்ந்தாள். கைகளை இரண்டு பக்கமும் ஊன்றி, உட்கார்ந்தபடியே சறுக்கிச் சறுக்கி வரச் சொன்னேன். வந்தாள். கடைசியில் தரையில் கால் வைத்ததும் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். அவை சிவந்திருந்தன.

"சுடுது சார்" என்றாள், அப்போதுதான் தெரிந்தவள் போல.

அதன்பின் நடந்தவை எல்லாம் நடைமுறை. நீண்ட இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து மேட்டின் விளிம்பில், நாங்கள் தரையில் நின்றபடியே ஊன்றினோம். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. கம்பி தன் எடையிலேயே உள்ளே போனது. வெளியே இழுத்தபோது அதன் முனையில் கருகிய பேண்டேஜ் துணி சுற்றியிருந்தது. ஓரத்தில் சிவப்பாக ஒரு நூல் கனன்றது. மில்லில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், பஞ்சில் தீப் பிடித்தால் சுவாலை இருக்காது. உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டு போகும். பேச்சியம்மாள் உயிரோடு இருந்தவரை தினமும் அந்த மேட்டில் நடந்து, புகை கண்ட இடத்தில் குடம் தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். அவள் போன பின் மரியாதைக்காக யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. காவலாளியின் சுற்றும் அந்த மேட்டைத் தவிர்த்தே போனது. இறந்தவளுக்காக விட்டுவைத்த அந்த நாட்களில் மேடு உள்ளே எரிந்து வெறும் பொள்ளலாகிவிட்டது.

கயிறு கட்டி எல்லோரையும் தள்ளி நிறுத்தினோம். தீயணைப்பு வண்டி வந்தது. தண்ணீரை நேராக அடித்தால் சரியும் என்று அவர்களும் பக்கவாட்டிலிருந்து மெல்ல ஈரமாக்கத் தொடங்கினார்கள். தங்கராஜ் ஓட்டுநரை அழைத்துக்கொண்டு பொக்லைனின் நிழலில் போய் உட்கார்ந்தார். மதியம் அந்த இயந்திரம் நின்று வெட்டியிருக்க வேண்டிய மேட்டின் அடியை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சி வருவாள்.

மதியம் தாண்டி வெயில் நன்றாக ஏறியிருந்தது. காற்று இல்லை. எங்கள் கண் முன்னால் கொடி இறங்கியது. இந்த முறை எங்களை நோக்கி அல்ல. நின்ற இடத்திலேயே, நேர்கீழே. கிணற்றுப் படியில் ஒருத்தி இறங்குவது போல, அவசரமில்லாமல், சாயாமல், முதலில் கம்பு, பிறகு துணி, அதைச் சுற்றியிருந்த வெள்ளை வட்டமும் கூடவே. ஒரு சத்தம் இல்லை. அது போன இடத்தில் ஓர் அறை அளவுக்குப் பள்ளம். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு பள்ளத்திலிருந்து சூடான காற்று மேலே வந்தது. அதோடு வெள்ளைத் துணி நாடாக்கள், ஒவ்வொன்றாக, மெல்ல எழும்பி, தலைக்கு மேல் நெளிந்து நின்றுவிட்டு, வேலிக்கருவை மரங்களின் மேல் போய்ப் படிந்தன. நாய்கள் எழுந்து, ஒன்றின் பின் ஒன்றாக, கிடங்கை விட்டு வெளியே நடந்தன.

யாரும் அழவில்லை. மாரீஸ்வரி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வரும்னு சொன்னீயளே சார்."

அவள் உயிரோடு நிற்கிறாள் என்பதுதான் பதில். ஆனால் அதை அவளிடம் சொல்ல முடியாது. கொடி கைக்கு வராமல் பங்கு கைமாறாது. அந்தப் பங்கே குழிக்குள் போன பின் கைமாற என்ன இருக்கிறது? காலையில் அவள் கேட்ட கேள்வி அப்படியே நின்றது, எம்புள்ளைக்கு நீங்களா சோறு போடுவிய என்று.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதைத்தான். நிறுத்துவது நம் வேலையில் பாதி. ஒருவரைத் தடுக்கும்போது அவர் கையிலிருந்து எதைப் பறிக்கிறோம் என்று பார்ப்பது மீதிப் பாதி. அதற்குப் படிவம் கிடையாது. அன்றைக்கே தீர்வும் கிடைக்காது. மாலையில் மேலதிகாரிக்கு அறிக்கை எழுதினேன். நல்ல அறிக்கை, வெப்பம், பள்ளம், எடுத்த நடவடிக்கை எல்லாம் அதில் இருந்தது. அதில் மாரீஸ்வரியின் பெயர் வர வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. பேருந்தில் திரும்பும்போது கிருஷ்ணன்கோவில் கல்லூரிப் பேருந்துகள் எதிரே வரிசையாகப் போயின. ஜன்னல்களில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் என் சட்டையில் கருகிய துணி வாடை இருந்தது. மனைவி சட்டையை வெளியே கொடியில் போடப் போனாள். வேண்டாம், வாளியில் நனைத்து வை என்றேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கிடங்கு வாசலில் பெண்களின் வருகையைப் பதிந்தேன். பேர் படித்துக்கொண்டே வந்தவன், பதினாறு முடியும் வரை அடிக்காமல் விட்டிருந்த பெயரையும் பழக்கத்தில் "பேச்சியம்மா" என்று படித்துவிட்டேன். யாரும் அசையவில்லை. நான் பேனாவை எடுத்துக்கொண்டு அந்தப் பெயரின்மேல் கோடு போடக் குனிந்தேன்.

"இருக்கேன் சார்."

பேச்சியம்மாளின் குரல்தான். குனிந்த தலையை உடனே நிமிர்த்த எனக்குத் துணிவு வரவில்லை. நிமிர்ந்தபோது கடைசி வரிசையில் மாரீஸ்வரி நின்றாள், இடுப்பில் குழந்தையோடு. அவளைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள், அடித்துப் பேசி முடித்துவிட்டு வந்தவர்களின் முகத்தோடு.

குருவம்மாள்தான் சொன்னாள். "கொடிய அவ கொண்டுபோயிட்டா சார். பேரு இங்கனதான இருக்கு. பேருக்கு ஆள் நின்னாச்சு. வடக்கு மேட்டுல நாங்க ஆளுக்கு ரெண்டு எட்டு தள்ளி நட்டுக்கிடுதோம். அவளுக்கு எடம் வந்துரும்."

இறந்தவர் பெயருக்கு நேரே வருகை போட முடியாது. அதன் கீழே இருந்த வெற்று வரியில் மாரீஸ்வரி என்று எழுதி, வருகை போட்டேன். பிறகு கம்பியை எடுத்துக்கொண்டு அவளோடு வடக்கு மேட்டுக்கு நடந்தேன். அவளுக்கென்று விட்டிருந்த இடத்தில் கம்பியை ஊன்றினேன். அது இறங்க மறுத்தது. முழு பலத்தையும் கொடுத்து இறக்கி, வெளியே இழுத்து, முனையை அவளிடம் நீட்டினேன்.

அவள் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அவசரப்படாமல், நன்றாக அழுத்தி வைத்துப் பார்த்தாள்.

"சூடு இல்ல சார்" என்றாள். பிறகு ஏறினாள்.